லீனியர் ஐயாவும் காயாத சொக்ஸும்

உலகத்திலேயே ஆக உரத்த குரல் உள்ள மனிதர் கண்டியில், ஹந்தானைக்கு ஏறுகிற ரோட்டில், ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். அவர் பேசுவது பிரேசிலில் இருக்கிறவனுக்குக் கேட்கும். தெளிவாகக் கேட்கிறது என்று ஜப்பான்காரன் பதில் சொல்லுவான். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கு மட்டும் ஒரு சொல்லும் விளங்காது. வாய்க்குள்ளேயே பேசுகிற மனிதர்.

தாய் தகப்பன் வைத்த பெயர் அவருடைய கந்தோரில் மட்டும்தான் வழங்கியது. போர்டிங்கில் அவர் லீனியர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், கலியாணம் கட்டாதவர், நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிற வேலை. பொழுதுபோக்கு வானொலி. வானொலி கேட்பது அல்ல. லைசென்ஸ் எடுத்து, ஒரு சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் அதேபோலப் பெட்டி வைத்திருக்கிறவனோடு பேசுவது. பெரிதாக ஒன்றும் பேசமாட்டார்கள். உன் சத்தம் எனக்கு எப்படிக் கேட்கிறது, என் சத்தம் உனக்கு எப்படிக் கேட்கிறது, அங்கே மழையா, வெயிலா, அவ்வளவுதான். மற்றவர்கள் மரியாதைக்கு 'நன்றாகக் கேட்கிறது' என்று சொல்லிவிடுவார்கள். இவர் சொல்லமாட்டார். கிணற்றுக்குள் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது என்று ஓர் இத்தாலியனிடம் சொல்லி, அவன் அதன்பிறகு இவரோடு பேசுவதையே விட்டுவிட்டான்.

அந்தச் சின்னப் பெட்டியின் சக்தி போதாது என்று அவர் தன் கையாலேயே கட்டியதுதான் லீனியர். பெட்டியிலிருந்து வரும் அலையைப் பல மடங்காகப் பெருக்கி வானத்துக்கு அனுப்புகிற அம்ப்ளிபயர். அந்தக் காலத்தில் பெரும்பாலும் எல்லாரும் கண்ணாடி வால்வ் போட்டுத்தான் கட்டுவார்கள். இவருடையது ட்ரான்சிஸ்டர் போட்டது. கறுப்பாக, முதுகு முழுக்க அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் மாதிரி நிற்க, பின்னால் ஒரு சின்ன விசிறி சுற்றும்.

“தம்பி, வால்வ் தாங்கும். நீர் பிழை விட்டால் சிவந்து காட்டும், மணக்கும், பிறகுதான் போகும். ட்ரான்சிஸ்டர் ரோசக்காரன். ஒண்டும் சொல்லாமல் போயிடும்” என்பார். உள்ளே இருந்த இரண்டு ட்ரான்சிஸ்டரையும் திறந்து காட்டுவார். “இது ரெண்டும் சோடி. குணம் பாத்து, பொருத்தம் பாத்து எடுத்தது. ஒண்டு போனால் மற்றதையும் மாத்த வேணும்.”

“நீங்க ஏங்கையா கலியாணம் பண்ணிக்கல?” என்று ஒருநாள் கேட்டேன். நான் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஃபார்மசி வேலைக்கு வந்தவன். எங்கள் பக்கத்தில் இப்படிக் கேட்பது சாதாரணம்.

“இந்தச் சோடிக்குப் பொருத்தம் பாக்கவே எனக்கு ரெண்டு வருசம் போயிட்டுது” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

லீனியருக்குத் தீனி கார் பெட்டரி. அவரிடம் கார் இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், நாங்கள் அவரை நானா என்றும் அவருடைய மனைவியை ராத்தா என்றும் கூப்பிடுவோம். நானாவிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. பின்னேரம் லீனியர் ஐயா அதன் பெட்டரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார். காலையில் கொண்டுவந்து பூட்டுவார். கார் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துவிடும். போர்டிங்கில் இருந்தவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகுமுன் காரைத் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும்.

“ஐயா, பேசுற வாயி ஒங்கட. பெட்டரி மட்டும் என்னத்துக்கு எண்ட காருடது?” என்று நானா ஒருநாள் கேட்டார்.

“நானா, நேற்று உங்கட மொறிஸ் மைனர் நியூசிலாந்து மட்டும் போய் வந்தது” என்றார் லீனியர் ஐயா.

நானா இதைப் பள்ளிவாசலில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெட்டரிப் பிரச்சினை அத்தோடு முடிந்தது.

ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு அம்ப்ளிபயர் இரவல் கேட்டுக் கோயில் காரியதரிசி வந்தார்.

“இது காதுக்குக் கேக்கிற சத்தத்தைப் பெருப்பிக்கிறதில்லை. காதுக்குக் கேக்காததைப் பெருப்பிக்கிறது” என்று லீனியர் ஐயா விளக்கினார்.

“கேக்காதத பெருசாக்கி யாருக்குங்க பிரயோசனம்?” என்று காரியதரிசி கேட்டார். குடுக்க மனமில்லை என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். திருவிழாவன்று பின்னேரம் ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, கோயில் ஒலிபெருக்கியில் இடையிடையே வாத்து கத்தியது. லீனியர் ஐயா அந்த நேரம் ஒஸ்ரேலியாவோடு பேசிக்கொண்டிருந்தார். அவருடைய அலை கோயில் வயரில் புகுந்து வாத்தாக வெளியே வந்திருக்கிறது. காரியதரிசி மூச்சு வாங்க மேட்டில் ஏறி வந்து, “இரவல் கேட்டப்ப குடுக்கலீங்க. இப்ப கூப்பிடாமலே வந்து பேசுறீங்களே” என்றார். அதற்குப் பிறகு திருவிழாக் காலத்தில் பூசை முடியும் வரை ஐயா வாய் திறப்பதில்லை.

ஜன்னலிலிருந்து பலாமரம் வரை அவர் கட்டியிருந்த ஏரியல் வயரில் ராத்தா உடுப்புக் காயப்போடுவது இன்னொரு வழக்கு. பேசிக்கொண்டிருக்கும்போது நானா உடுத்துகிற ஈரச் சாரம் ஒன்று அதில் விழுந்தால் சோடி ட்ரான்சிஸ்டரும் போய்விடும் என்று அவர் பயந்து நடுங்குவார்.

“ராத்தா, இது உடுப்புக் கொடி இல்லை.”

“கொடி இல்லாட்டி என்னத்துக்கு இவ்வளவு நீட்டுக்குக் கட்டி வச்சீக்கிறீங்க?”

இதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அது சொல்லி முடிக்க ஒரு மணித்தியாலம் பிடிக்கிற பதில். ராத்தா அதற்குள் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விடுவார்.

பிறகு கலவரம் வந்தது. டவுனில் கடைகள் எரிகிற புகை எங்கள் ஜன்னலுக்குத் தெரிந்தது. நானா எங்களை மாடியில் வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார். தேடி வந்தவர்களிடம் இங்கே தமிழர் யாரும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். ராத்தா சோற்றுப் பானையை உடுப்புக் கூடைக்குள் மறைத்து மேலே கொண்டுவருவார். அந்த இரண்டு பேரும் இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். லீனியர் ஐயா அந்த நாட்களில் பெட்டியைத் தொடவே இல்லை. கோயில் ஒலிபெருக்கியில் வந்த வாத்து அன்றைக்கு யாருடைய ரேடியோவிலாவது வந்தால் வீட்டோடு போய்விடுவோம் என்று அவருக்குத் தெரியும்.

கலவரம் அடங்கி, யுத்தம் மும்முரமான காலத்தில், வானொலிப் பெட்டி வைத்திருக்கிறவர்கள் அதைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னார்கள். லீனியர் ஐயா முதல் ஆளாகப் போய்ப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தார். லீனியரை மட்டும் கொடுக்கவில்லை. “பெட்டியைத்தான் கேட்டவங்கள். இது தானாப் பேசாது. பேசுறதுக்கு ஆள் இல்லாட்டி இது ஊமை” என்று எங்களுக்கு நியாயம் சொன்னார்.

ஆனால் ஊமைக்கும் கண்டி ஈரம் ஆகாதாம். பூஞ்சணம் பிடித்துவிடாமல் இருக்க ஒவ்வொரு பின்னேரமும் வேலை விட்டு வந்து அதை ஒரு மணித்தியாலம் போட்டுவிடுவார். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் கரண்ட் ஓடினால் தகடுகள் இளஞ்சூடாகும். கண்டி மழைக்காலத்தில் சொக்ஸ் காய்வது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். நான் ஒருநாள் என்னுடைய ஒரு சோடியை அந்தத் தகடுகளின்மேல் வைத்துப் பார்த்தேன். மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. மறுநாள் முழுப் போர்டிங்கும் சொக்ஸோடு வரிசையில் நின்றது.

லீனியர் ஐயா ஒரு கிழமை எங்களோடு பேசவில்லை. பிறகு மனம் இளகி, நைலோன் மட்டும், கம்பளி கூடாது, விசிறியை மறைக்கக்கூடாது என்று சட்டம் போட்டு அனுமதித்தார்.

ஒரு பின்னேரம், சொக்ஸ் எல்லாம் காய்ந்துகொண்டிருக்கும்போது, பொலிஸ் ஜீப் வந்து நின்றது. ஓர் இன்ஸ்பெக்டரும் இரண்டு கொன்ஸ்டபிள்களும். மாடியில் ஏதோ மெசின் ஓடுகிற சத்தம் கேட்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த நாட்களில் ஜீப்பில் ஏறிய தமிழன் எப்போது இறங்குவான் என்று ஒருவருக்கும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் அறைக்குள் வந்து லீனியரைப் பார்த்தார். “மேக்க மொக்கத?” என்றார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறார்.

யாரும் வாயைத் திறக்குமுன் ராத்தா முந்திக்கொண்டார். அது சொக்ஸ் காயவைக்கிற மெசின் மாத்தயா, இந்த மழைக்கு வேறு என்ன செய்வது, என்று சுத்தமான சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் ஒரு சொக்ஸை விரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் படியை நோக்கித் திரும்பினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“மன்னிக்க வேணும் சேர். அது பிழை” என்று லீனியர் ஐயாவின் குரல் இங்கிலீஷில் கேட்டது.

ராத்தா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். லீனியர் ஐயா சொக்ஸை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பக்கம் வைத்தார். இது அம்ப்ளிபயர், என்னுடையது, நானே கட்டியது, இவர்களுக்கு இது என்னவென்று தெரியாது, தெரியாமல் சொல்லிவிட்டார்கள் என்றார். பிறகு விளக்கம் தொடங்கியது. இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டு கேட்டார், பிறகு கதிரையில் இருந்து கேட்டார். ஒரு கொன்ஸ்டபிள் சுவரில் சாய்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டான். சோடிப் பொருத்தம் வரைக்கும் வந்தபோது, மிச்சத்தை ஸ்டேஷனில் வந்து சொல்லும்படி இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

ஐயா லீனியரை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். நானா சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு ஓடினார். காரில் பெட்டரி இல்லை, அது மாடியில் இருந்தது. “பள்ளம்தானே, தள்ளுங்க” என்றார். தள்ளினோம். நானாவும் ராத்தாவும் நானும் எஞ்சின் இல்லாத காரில் ஹந்தானை ரோட்டில் சத்தமில்லாமல் இறங்கி, சமதரை வந்ததும் காரை அங்கேயே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம். வழி முழுக்க ராத்தா அழுதுகொண்டே ஏசினார். “உசிரப் பணயம் வச்சி நான் ஒரு பொய் செல்றன். இந்தப் பைத்தியம் பிடிச்ச மனிசன் அதுல பிழை திருத்துறார்.”

ஸ்டேஷனில் எங்களை ஒரு நீட்டு மர வாங்கில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு விளக்கம் விளங்கவில்லை போலும், இராணுவத்தில் சிக்னல் வேலை தெரிந்த ஓர் அதிகாரியை அழைத்திருந்தார். அவர் வந்து, லீனியரைத் திறந்து, டோர்ச் அடித்து, முன்னும் பின்னும் பார்த்தார். ஐயா என்ன ஆவார் என்பது அந்த ஒரு மனிதரின் வாயில் இருந்தது. ராத்தாவின் உதடு ஓதிக்கொண்டே இருந்தது.

அதிகாரி மூடியைப் பூட்டினார். பெட்டி இங்கேதானே இருக்கிறது, பெட்டி இல்லாமல் இதை வைத்துக்கொண்டு ஒருவரோடும் பேச முடியாது, சொக்ஸ் வேண்டுமானால் காயவைக்கலாம் என்றார்.

“அப்பிடிச் சொல்லேலாது சேர்” என்று லீனியர் ஐயா தொடங்கினார். நானா பாய்ந்து அவருடைய வாயைக் கையால் பொத்தினார். பொத்தியபடியே அவரை வெளியே நடத்திக்கொண்டு வந்தார். ஸ்டேஷன் வாசல் தாண்டும் வரை கையை எடுக்கவில்லை.

லீனியர் அங்கேயே தங்கிவிட்டது. ஆனால் ஈரம் பிடிக்குமே. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஒரு மணித்தியாலம் போட்டுவிட அனுமதி கேட்டு ஐயா ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார். இன்ஸ்பெக்டர் தொல்லை தாங்காமல் சரி என்றார். ஒரு மாதத்துக்குள் கொன்ஸ்டபிள்மாருடைய காக்கிச் சொக்ஸும் அதன் தலையில் ஏறிவிட்டன. கம்பளி கூடாது என்ற சட்டத்தை அவர் அங்கேயும் போட்டாராம்.

வீட்டில் ராத்தா அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். சோற்றுப் பீங்கானை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார். பைத்தியம் என்பதற்குக் குறைந்து அவருக்கு வேறு பெயர் சொல்வதில்லை. பெருநாளைக்கு மட்டும் வட்டிலப்பத்தில் பெரிய துண்டு அவருக்குத்தான் வந்தது. லீனியர் ஐயா எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். வாவி ஓரம் நடந்து போகும்போது, மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். “ஐயா, அன்னைக்கு அந்தாளு போகப் போனாரு. நீங்க ஏங்க வாயத் தொறந்தீங்க?”

அவர் நடையை நிறுத்தாமலே சொன்னார்.

“தம்பி, சாமான் என்ரை. ஆனால் பொய் ராத்தாவின்ரை வாயில இருந்தெல்லோ வந்தது. ஒரு நாளைக்கு அது என்னெண்டு தெரிய வந்தால், ஒளிச்சு வச்சவை எண்டு அவையையும் ஏத்திக்கொண்டு போவாங்கள். கலவரத்துக்கை எங்களைக் காப்பாத்தின சனம். போறதெண்டால் நான் ஒராள் போறது காணும், அவை வேண்டாம்.”

இரண்டடி போய்த் தொடர்ந்தார். “மற்றது, அது சொக்ஸ் காயப்போடுற மெசினும் இல்லை.”

“இத ராத்தாகிட்ட சொல்லலாமுங்களே. பாவம், இன்னும் கோவமா இருக்காங்க.”

“சொல்லாதையும். அவ அழுவா. கோவமா இருக்கட்டும், அது பரவாயில்லை.”

நான் சொல்லவில்லை. ராத்தா மௌத்தாகும் வரை அவரைப் பைத்தியம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நானாவும் போய்விட்டார். பிறகு, பென்ஷன் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போன லீனியர் ஐயாவும் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். இனிச் சொன்னால் என்ன என்றுதான் இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன். அழுவதற்கு இப்போது நான் ஒருவன்தான் மிச்சம், பரவாயில்லை.