காரிமங்கலத்திலிருந்து படை விலகிய கதை

உலகத்துக்கு நியாயம் சொல்கிறவனிடம், "நீ ராத்திரி எங்கே படுக்கிறாய்?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் என் அக்கா கேட்டுவிட்டாள். அதுவும் மைக்கில்.

ஈராக்கில் அந்நியப் படைகள் முகாமிட்டிருந்த காலம் அது. நான் அரசியல் அறிவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு ஏரியூரில் வேலை தேடிக்கொண்டிருந்தேன் (வேலையும் என்னைத் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கும், சந்திப்புதான் நிகழவில்லை). அப்போதுதான் காரிமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த செல்வி அக்கா அழுதுகொண்டே போன் செய்தாள். அவள் கணவர் மாதேஷ் மாமா, ஒரு வார்த்தை கேட்காமல் சந்தையில் ஒரு கறவை மாட்டை வாங்கி வந்துவிட்டாராம். இரண்டாம் தாரத்தைக் கூட்டி வந்த மாதிரி, கழுத்தில் மாலை மட்டும்தான் போடவில்லையாம்.

"ரெண்டு நாளு இருந்து பேசி முடிச்சுட்டு வா" என்று அப்பா என்னை அனுப்பினார். எங்கள் பக்கத்தில் பெண்ணின் வீட்டில் சண்டை என்றால், பொறந்த வீட்டு ஆளாக ஒரு தம்பி போய் நிற்பது வழக்கம். நின்றுவிட்டுத் திரும்பிவிடுவதும் வழக்கம். முதல் பாதியை நான் சிறப்பாகச் செய்தேன்.

நான் போய்ச் சேர்ந்த சாயங்காலம், அக்காவும் மாமாவும் சேர்ந்து அந்த மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் லட்சுமி என்று பேர் வேறு வைத்து, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாராவது என்றால் கடைசி பஸ்ஸைப் பிடித்திருப்பான். ஆனால் நான் அரசியல் அறிவியல் படித்தவன். மேலோட்டமான அமைதியை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரியும். நிலைமை முழுதாகச் சீராகும்வரை இருப்பது என்று முடிவு செய்தேன்.

அந்த வீட்டுக்கு ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அறையிலிருந்து சமையல்கட்டுக்குப் போக வேண்டுமென்றால் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கூடத்தின் நடுவில், நன்றாக ஓடுகிற ஒரே மின்விசிறிக்குக் கீழே, நான் கட்டிலைப் போட்டேன். ரிமோட் என் தலையணைக்கு அடியில் இருக்கும். அக்காவும் மாமாவும் தனியாகப் பேசினால் சண்டை வந்துவிடும் என்பதால், குரல் கேட்ட இடத்துக்கெல்லாம் போய் நடுவில் உட்கார்ந்துகொள்வேன். இப்படியே மாதங்கள் போயின. சண்டை வரவே இல்லை. என் பணியின் வெற்றி என்று அதை எடுத்துக்கொண்டேன்.

இடையிடையே அப்பா போனில் கேட்பார்: "எப்படா வர்ற?"

"நான் கெளம்புனா மறுபடியும் ஆரம்பிச்சுக்குவாங்கப்பா."

ஒருமுறை அப்படிச் சொன்ன அன்றைக்கே டி.வி. செய்தியில் ஒரு தளபதி, தாங்கள் கிளம்பினால் ஈராக்கில் மறுபடியும் சண்டை மூளும் என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. "எப்படிப் பொய் பேசறான் பாருங்க மாமா!" என்று கத்தினேன். மாமா டி.வி.யைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் அவருக்குப் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போர் எதிர்ப்பில் நான் சும்மா வாய்ச்சொல் வீரன் இல்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான்கு பேரைச் சேர்த்து ஒரு குழு அமைத்தேன். சந்தை நாளில் அட்டை பிடித்துக்கொண்டு நின்றோம் (ஆட்டு வியாபாரிகள், விலை எழுதியிருக்கிறது என்று நினைத்துக் கிட்ட வந்து படித்துவிட்டுப் போனார்கள்). அக்கா வீட்டுச் சுற்றுச்சுவரில், கேட்காமலேயே, நீலப் பெயிண்டில் ஆள் உயர எழுத்தில் எழுதினேன்: "அந்நியப் படையே, உடனே வெளியேறு!" அக்கா அதை வெகுநேரம் நின்று படித்தாள். "எழுத்து நல்லா இருக்குதுடா தம்பி" என்றாள்.

பொங்கல் விழாவுக்கு எங்கள் குழுவே பட்டிமன்றம் நடத்தியது. தலைப்பு: ஈராக்கிலிருந்து படைகள் உடனே வெளியேற வேண்டுமா, இன்னும் சில காலம் இருக்க வேண்டுமா? நடுவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கோவிந்தசாமி ஐயா. நன்றாகப் பேசுகிறவரைத் தருமபுரி மேடைகளுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஆள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெயிக்கிற அணிக்குப் பரிசாக ஒரு நல்ல பயணப் பையையும் நானே கடையில் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

ஒரே சிக்கல், படை இருக்கட்டும் என்று பேச ஊரில் ஒரு ஆள் கிடைக்கவில்லை. அக்கா பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்குப் போனவள். அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"சும்மா இருக்கறவள கெளப்பி உடாத தம்பி" என்றாள். அதை நான் தன்னடக்கம் என்று புரிந்துகொண்டு, அவள் பேரையே எழுதிவிட்டேன்.

அந்த வாரம் அக்காவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. அடிக்கடி "ஏங்க, இங்க வாங்களேன்" என்று மாமாவைக் கூப்பிடுவாள். நான் எட்டிப் பார்த்ததும் "ஒண்ணுமில்ல" என்று விடுவாள். உள்ளே ஏதோ புகைகிறது என்று கண்காணிப்பைக் கூட்டினேன்.

பொங்கல் சாயங்காலம் தெருவே மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அணிக்கு ஒருவர். முதலில் நான் எழுந்தேன். என் வாழ்நாளில் அப்படி நான் பேசியதில்லை.

"உன்னை யார் கூப்பிட்டார்கள்? சரி, கூப்பிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வந்த வேலை முடிந்த பிறகு அடுத்தவன் வீட்டுக் கூடத்தில் உனக்கு என்ன வேலை? நீ போனால் சண்டை வரும் என்கிறாயே, அதைச் சொல்ல வேண்டியவன் நீயா, வீட்டுக்காரனா? போகிற தேதியைச் சொல்! இப்போதே சொல்!"

கைத்தட்டல் ஓயவில்லை. முன்வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு என்னைவிட உணர்ச்சிவசப்பட்டுத் தட்டினார்கள். எங்கள் தெருப் பெண்களுக்கு இவ்வளவு உலக ஞானமா என்று எனக்குப் புல்லரித்தது.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மைக்குக்கு வந்தாள்.

"நடுவர் ஐயாவுக்கு வணக்கமுங்க. எந்தம்பி அருமையா பேசுனான். ஆனா படை இருக்கணும்னு பேசச் சொல்லி எங்கிட்ட குடுத்துட்டாங்க. படை இருந்தா எப்படி இருக்கும்னு பாக்க நான் ஈராக்குக்குப் போவ வேண்டியதில்லீங்க. எங்க வூட்லயே ஒண்ணு இருக்குது."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. லட்சுமியைச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ரெண்டு நாளுன்னு சொல்லித்தான் வந்துச்சு. எங்க சண்டை அன்னைக்கே தீந்துருச்சு. நெலம இன்னும் சீராவலன்னு படை சொல்லிருச்சு. படை இருக்கறதுல நல்லதும் இருக்குதுங்க. டி.வி.ல என்ன பாக்கறதுன்னு நாங்க ரோசன பண்ண வேண்டியதில்ல. கறிக்கொழம்பு மீதியாவறதில்ல. எங்கூட்டுக்காரரும் நானும் சண்டையே போடறதில்லீங்க. சண்டை போடவாவது ரெண்டு பேரும் தனியா பேசணுமில்லீங்க? எங்க செவுத்துலயே எழுதியிருக்குது, உடனே வெளியேறுன்னு. எழுதுனவன் உள்ளாரதான் படுத்திருக்கறான்."

தெரு வெடித்துச் சிரித்தது. ஒலிபெருக்கிக்காரர் சிரித்ததில் மைக் ஒருமுறை கீச்சிட்டது. எழுந்து ஓடலாம் என்றால் மேடையின் ஒரே படி அக்காவுக்குப் பின்னால் இருந்தது.

பிறகு அவள் குரல் இறங்கியது. "சிரிக்கறதுக்குச் சொல்லலீங்க. ஒரு சேதி. அவருகிட்ட மட்டும் மொதல்ல சொல்லணும்னு ஒரு வாரமா பாக்கறன். சமையக்கட்டுல ஆரம்பிச்சா, படை தண்ணி குடிக்க வருது. மாட்டுக்கொட்டாயில ஆரம்பிச்சா, படை பாலு பீச்சறத பாக்க வருது. எம்புருசங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல எங்க வூட்ல எனக்கு எடமில்லீங்க."

முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "எத்தன மாசம் கண்ணு?"

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஓரமாக நின்றிருந்த மாமா, கையிலிருந்த வேட்டி நுனியை அப்படியே விட்டுவிட்டு மேடையைப் பார்த்து ஓடி வந்தார். அந்த நொடியில் காரிமங்கலத்தில் விஷயம் புரியாதவன் ஒரே ஒருவன்தான். அவன் கையில் இன்னொரு மைக் இருந்தது.

"எது எத்தன மாசம்?" என்று அதில் கேட்டேன்.

அதற்குத் தெரு சிரித்த சிரிப்பு தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டுகிறவருக்குக் கூடக் கேட்டிருக்கும்.

கோவிந்தசாமி ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார். "இருக்கணும்னு பேசுன அம்மா, போவணுங்கற அணிய ஜெயிக்க வெச்சுட்டாங்க. படை உடனே வெளியேற வேண்டும். ஈராக்குக்கு இந்தத் தீர்ப்பு எப்ப போய்ச் சேருமோ தெரியாது. காரிமங்கலத்துக்கு உடனே அமலுக்கு வருது." ஜெயித்த அணி என்பதால் பயணப் பையை என்னிடம் கொடுத்தார்கள். தருமபுரி மேடைக்கு அக்காவை அழைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தப் பையிலேயே என் துணிகளை அடுக்கினேன். எனக்கு அழுகை வந்தது. பாதி அவமானம், பாதி தாய்மாமன் ஆகப்போகிற சந்தோஷம். எது எந்தப் பாதி என்று பிரிக்க முடியவில்லை. "காலைல போலாம் மாப்ள" என்று மாமா தோளைத் தொட்டார். அக்கா எனக்குப் பிடித்த கறிக்கொழம்பைத் தட்டு நிறைய ஊற்றினாள். "விருந்தாளியா வாடா. எத்தன வாட்டி வேணுமின்னாலும் வா" என்றாள். காலையில் முதல் பஸ்ஸில் கிளம்பினேன்.

நான் அன்று பேசிய பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட இன்றும் திரும்பப் பெற மாட்டேன். எந்த நாட்டில் எந்தப் படை நுழைந்தாலும் முதல் அட்டையை நான்தான் பிடிப்பேன். ஈராக்கிலிருந்து படைகள் கிளம்பிய செய்தி ஒருவழியாக வந்த அன்று அக்கா போன் செய்தாள்: "அவுங்களும் கெளம்பிட்டாங்களாம்டா. இதுலயாவது நீ முந்திக்கிட்ட."

என் மடியில் காது குத்திக்கொண்ட அக்கா மகள் யாழினி இப்போது பெரிய பெண். நான் போனால் வாசலில் மறித்துக்கொண்டு, "போற தேதி சொல்லிட்டு செருப்பக் கழட்டு மாமா" என்பாள். சொல்லாமல் உள்ளே விடமாட்டாள். நானும் சொன்ன தேதியில் சரியாகக் கிளம்பிவிடுவேன்.

போன முறை கிளம்பும்போது அவள் என் பையைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போ மாமா."

எனக்கு மனசு இளகிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் சமையல்கட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஏய், அன்னைக்கும் ரெண்டு நாளுன்னுதான்டி ஆரம்பிச்சுது!"