கொண்டி போட்ட நன்றியுரை

நம் விழாக்களில் நன்றியுரையை இருந்து கேட்பவர்கள் இரண்டே வகையினர்: ஒலிபெருக்கிக்காரரும் கதிரை அடுக்க வந்தவர்களும். இரு சாராருக்கும் வேறு வழியில்லை.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் வந்திறங்கும் மூட்டைகளை எண்ணும் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு ஏலாது. (கோயிலில் மணி அடித்தால் கும்பிடுவதற்கு முன் எண்ணிவிடுவேன்.) ஓய்வூதியர் சங்க விழாவில் நன்றியுரை சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். வாழ்க்கையில் முதல் மேடை. சபையில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்ற கணக்கிலேயே ஒரு கிழமை நித்திரை போயிற்று.

"ஆர் இருந்து கேக்கப்போகினம்? கதிரையள்தான்," என்றாள் மனைவி.

"நீர் இருப்பீர்தானே?"

"எங்கட சாம்பல்தீவுக்குக் கடைசி பஸ்ஸைக் கேட்டுச் சொல்லுறன்."

விழா அரச கலையரங்கில் நடந்தது; முதலில் நாடகம், கடைசியில் என் நன்றியுரை. அங்கே புதிதாகக் குளிரூட்டி பொருத்தியிருந்தார்கள். வாசல் கதவோ சாத்தச் சாத்தத் திறந்துகொண்டது. அரசாங்கத்தின் குளிர் வீதிக்குப் போகிறதே என்று எனக்குப் பதற்றம். நாடகத்தின் நடுவே ஐந்தாம் தடவையாக எழுந்துபோய்க் காவலாளி ரஹீமிடம், "தம்பி, குளிர் வெளியில போகாமல் இறுக்கிச் சாத்தும்" என்றேன்.

"ஓம் சேர். இனி ஒரு ஈகூடப் போகாது."

நாடகம் முடிந்தது. "அடுத்து நன்றியுரை" என்று அறிவித்ததும் சபை முழுவதும் எழுந்தது. (மரியாதைக்காக அல்ல.) மனைவியும் கைப்பையோடு எழுந்ததை மேடையிலிருந்து கண்டேன்.

வாசலில் நெரிசல். முன்னால் நின்றவர் தள்ளினார், இழுத்தார், உதைத்தும் பார்த்தார்.

"வெளியால கொண்டி போட்டுக் கிடக்கு!"

"ரஹீமுக்குப் போன் அடியுங்கோ!"

அடித்தார்கள். உள்ளே, ரஹீம் இருந்து நாடகம் பார்த்த கதிரையிலிருந்து போன் பாடியது. அவர் எதிர்க்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாராம்.

ஒவ்வொருவராகத் திரும்பி வந்து அமர்ந்தார்கள். எண்ணினேன்: முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்!

என் உரை அரைப் பக்கம்தான். அது முடிந்தும் கதவு திறக்கவில்லை. வேறென்ன செய்ய? மேலும் நன்றி சொன்னேன். திரை இழுத்தவருக்கு. நாடகத்தில் பிணமாகக் கிடந்து, ஒரேயொரு தடவை மட்டும் தும்மியவருக்கு.

"சேர், வடை சுட்ட ஆளை விட்டிட்டியள்!" என்றது பின்வரிசை.

"அவருக்கும் நன்றி. எனக்கு வந்து சேர்ந்தது பாதி வடை."

அரங்கம் அதிர்ந்தது. அந்தத் துணிவில், "முப்பத்தெட்டு வருடமாக என் எண்ணிக்கைகளைப் பொறுத்து, இன்றைக்குக் கடைசி பஸ்ஸையும் தவறவிட்ட என் மனைவிக்கு நன்றி" என்றேன். அவள் தலை குனிந்தாள். தோள்கள் குலுங்கின. (சிரிப்பு என்றுதான் இன்றுவரை சொல்கிறாள்.)

அப்போது கதவு திறந்து ரஹீமின் தலை தெரிந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

"தம்பி, கதவைச் சாத்தும்," என்றாள் மனைவி. "அவர் இன்னும் முடிக்கேல்லை."

நான் திட்டம் போட்டே சபையைப் பூட்டினேன் என்று ஊர் நம்புகிறது. மறுக்க எனக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் நான் தொண்டையைச் செருமினாலே மகள் கத்துவாள்:

"ஓடுங்கோ, ஓடுங்கோ! அப்பா கொண்டியைப் பாக்கிறார்!"