யோசனை மேஸ்திரி வாங்கிய ஆணித் துப்பாக்கி

மலாக்காவிலேயே ஒரு முடிவுக்கு வர அதிகக் காலம் எடுத்துக்கொண்டவர் யோசனை மேஸ்திரிதான். வெள்ளைக்காரன்கூட ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு நாட்டை நம் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறினான். என் அறைக் கதவுக்கு எந்தப் பக்கம் தாழ்ப்பாள் வைப்பது என்று மேஸ்திரி அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தார்.

காஜா பேராங்கில் அவருடைய மரப்பட்டறையை ஒட்டி ஒரு சிறு அறை. தபால் ஆபீஸ் குமாஸ்தாவான நான் அதில் வாடகைக்கு இருந்தேன். ஒற்றைக்கட்டை. தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தே பல வருஷம் காலம் தள்ளினேன். அவருக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். விடிந்ததும் பட்டறைக்கு வந்துவிடுவார். ஒரு பலகையை எடுத்து, முகர்ந்து, தட்டி, வெயிலில் சாய்த்துப் பிடிப்பார். பிறகு ஓர் ஆணியை எடுத்து உதட்டில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான், ஆள் போய்விடுவார். உடம்பு மட்டும் அங்கே நிற்கும். கூரைத் தகரத்தின் ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாக அவர் தோளில் விழுந்து, முதுகுக்கு நகர்ந்து, தரையில் இறங்கி மரத்தூளில் மறையும். அவர் நின்றது நின்றபடி நிற்பார். பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கே கண் சொருகும்.

"என்னண்ணே, என்ன யோசனை?"

"இந்த மரம் மழையில ஊறும், வெயில்ல சுருங்கும். வழவழப்பான ஆணி போட்டா மூணே மழையில மெல்ல எழும்பி வெளியே வந்து எட்டிப் பாக்கும். வரி வரியா பல் இருக்கிற ஆணின்னா பிடிச்சுக்கும். ஆனா நாளைக்கு யாராவது கழட்டணும்னா பலகை பொளந்துடும். கழட்டுவானா, மாட்டானா, அதான் பாக்கறேன்."

அடுத்த தெருக்காரர் ஒருவர், பிள்ளை பிறக்கப்போகிறது என்று தொட்டில் செய்யச் சொன்னார். தொட்டில் வந்து சேர்ந்த அன்று அந்தப் பிள்ளையே வாசலுக்கு நடந்து வந்து வாங்கிக்கொண்டது. புக்கிட் ரம்பாயில் ஒரு வீட்டுக்குக் கூரை போட ஏறியவர், முகட்டில் உட்கார்ந்து கடல் காற்று எந்தப் பக்கமாக வீட்டுக்குள் இறங்கும் என்று யோசித்தார். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்காரர் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது. கீழே நின்று ஊர் கூச்சல் போட, மேலேயிருந்து அவர் சாவகாசமாகச் சொன்னாராம்: "நல்லதாப் போச்சு. ஒழுகுற இடம் இப்பத் தெரிஞ்சுடும்."

அப்படியானால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி? செல்லம்மாக்காவால். மேஸ்திரியின் மனைவி. கணவர் யோசித்து வைத்த இடத்தில் ஆணி அடிப்பது அக்கா. யோசித்து வைக்காத இடத்திலும் அக்காதான். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வாய் நிறைய ஆணியோடு, ஓர் ஆணிக்கு இரண்டு அடி என்று போட்டுக்கொண்டே போவாள். அந்தச் சத்தம் நின்றால்தான் எனக்குத் தூக்கம் கலையும். வேலிப் பலகை, சரக்குப் பெட்டி எல்லாம் அவள் கையில்தான் ஆயின. அவசரமாக வந்து கேட்பவர்களுக்கு அக்கா வாயிலிருந்து ஆணிகளை எடுத்துவிட்டுப் பதில் சொல்வாள்: "அவரைக் கேட்டா அடுத்த வருஷம். என்னைக் கேட்டா வியாழக்கிழமை."

அந்தக் கைதான் ஒரு நாள் வீங்கியது. வலது மணிக்கட்டு, பணியாரம் மாதிரி. கிளினிக்கில் கட்டுப் போடும் டிரெஸர் அழுத்திப் பார்த்துவிட்டு, இனிமேல் சுத்தியலைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்ததும் சுத்தியலை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். முதல் அடி பலகையில் விழுந்தது. இரண்டாவது அடி கட்டைவிரலில். மேஸ்திரி உதட்டில் இருந்த ஆணியை எடுத்தார். நான் பார்த்த வரை அவர் உடனே எடுத்த ஒரே முடிவு அதுதான்.

"மிசின் வாங்கணும்."

செங் என்ற பக்கத்து ஊரில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீடுகளுக்கெல்லாம் வேலிப் பலகை செய்து தர அப்போதுதான் பேசி முடித்திருந்தார்கள். தீபாவளிக்குள் முடியவேண்டும். முடியாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். பட்டறையையே இழுத்து மூடவேண்டியதுதான். அதனால் மிசின் வாங்கணும் என்று அவர் சொன்னதும் தெருவே சந்தோஷப்பட்டது. எந்த மிசின் என்று அவர் யோசிக்க ஆரம்பிப்பார் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

சிங்கப்பூரிலிருந்து ஒரு சேல்ஸ்மேன் வந்தான். நம் தமிழ்ப் பையன்தான். தலையில் எண்ணெய், கழுத்தில் டை, காரின் பின்னால் காற்றடைக்கும் கம்பிரசர். மேஸ்திரியிடம் முதன்முதலில் பேசியபோது அவனுக்கு மீசை அரும்பவில்லை என்றும், கடைசியாகப் பேசியபோது அது நரைத்திருந்தது என்றும் ஊரில் சொல்வார்கள். நரைத்ததை நான் பார்க்கவில்லை.

ஆணிகளை மெல்லிய கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்து, கைமுறுக்கு மாதிரிச் சுருட்டி வைத்திருந்தான். அந்தச் சுருளை அவன் கொண்டுவந்த ஆணித் துப்பாக்கியின் வயிற்றில் போட்டு மூடி, காற்றுக்குழாயை மாட்டி விசையை அழுத்தினால் ஆணி இறங்கும். குச்சி மாதிரி நீளமாக ஆணி கோத்த வகையும் உண்டாம். அதில் அடிக்கடி ஆணி நிரப்பவேண்டும், வேலிச் சந்துகளில் அதன் வால் இடிக்கும் என்று சொல்லி, சுருள்தான் வசதி என்றான்.

"இது பெருசு. வீட்டு மரச்சட்டத்தையே அடிக்கும் மிஸ்டர். பாருங்க!"

குனிந்து அடித்தான். காற்றை அதிகமாக வைத்துவிட்டான் போலிருக்கிறது. ஆணி பலகைக்குள் தலை தெரியாமல் இறங்கியது, அவனுடைய டையையும் சேர்த்துக்கொண்டு. நிமிர முடியவில்லை. பலகைக்கு வணக்கம் சொல்வது போல அப்படியே நின்றான்.

"அண்ணே! எடுத்து விடுங்கண்ணே!" அதுவரை மிஸ்டர் என்றவன் அந்த நிமிஷத்தில் தம்பியாகிவிட்டான்.

மேஸ்திரி குனிந்து டையைப் பார்த்தார். சுற்றி வந்து மறுபக்கம் பார்த்தார். "பொறு தம்பி. எந்தப் பக்கம் நெம்பினா துணி கிழியாதுன்னு பாக்கறேன்."

அக்கா கத்தரிக்கோலோடு வந்து டையை நறுக்கிவிட்டுப் போனாள்.

கம்பெனி ஒவ்வொரு மிசினையும் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கக் கொடுத்தது. பெரியது வந்து போனது. அகலத் தலை ஆணி அடிக்கும் குட்டி ஒன்று வந்தது. அது தார் அட்டைக் கூரைக்கு ஆனது. நம் ஊரில் கூரையெல்லாம் தகரமும் அத்தாப்பு ஓலையும்தானே என்று அதுவும் திரும்பிப் போனது. மூன்றாவதாக நடுத்தரம் ஒன்று வந்தது. பெரியதையும் மறுபடி வரவழைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போனவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

ஒரு நாள் கோப்பிக் கடையிலும் மேஸ்திரிக்கு அதே பேச்சு. "பெரிய துப்பாக்கியா, நடுத்தரத் துப்பாக்கியா, நீங்க என்ன சொல்றீங்க? ஒரு தடவை ரொப்பினா நூத்துக்கணக்குல போகுது."

இந்தோனீசியாவோடு தகராறு நடந்துகொண்டிருந்த காலம் அது. கிளேபாங் கடற்கரையில் வேற்றுப் படகு ஏதாவது ஒதுங்குகிறதா என்று ஊரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தது. மறுநாள் மத்தியானம் பட்டறை வாசலில் போலீஸ் ஜீப். மலாய்க்கார சார்ஜன்ட் ஒருவர், தமிழ்க் கான்ஸ்டபிள் ஒருவர்.

"துப்பாக்கி வச்சிருக்கியாமே?" என்றார் கான்ஸ்டபிள்.

"ரெண்டு இருக்கு. ஒண்ணை வச்சுக்கறதா உத்தேசம். நீங்களும் பாருங்களேன்."

கான்ஸ்டபிளின் கை இடுப்புக்குப் போனது. நான் பாய்ந்து போய் எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் விளக்கினேன். சார்ஜன்ட் நம்பவில்லை. ஒரு பலகையைப் போட்டு அவரிடமே மிசினைக் கொடுத்தார் மேஸ்திரி. டப். ஓர் ஆணி. சார்ஜன்டின் முகம் மலர்ந்தது. டப். டப். டப். ஜீப் டிரைவரும் இறங்கி வந்து ஒரு கை பார்த்தார். கடைசியில், பெரியதை வாங்கு, கம்பீரமாக இருக்கிறது என்று சார்ஜன்ட் அபிப்பிராயம் சொல்லிவிட்டுக் கோப்பி குடித்துப் போனார். மேஸ்திரிக்கு யோசிக்க இன்னொரு விஷயம் கிடைத்தது.

பக்கத்து வீட்டு மலாக்கா செட்டிக்காரர் தினமும் வேலி மேலாக எட்டிப் பார்த்து, "பிலா சியாப்?" என்று கேட்பார். பூர்வீகம் தமிழ் என்றாலும் அவர்கள் வீட்டில் பேச்சு மலாய்தான். எப்போது முடியும் என்று அர்த்தம். அக்காதான் பதில் சொல்வாள்: "அவரு தலைகிட்ட கேளுங்க!"

இதற்கு நடுவே மேஸ்திரி இன்னொரு காரியம் செய்தார். தன் வலது மணிக்கட்டில் ஈரத்துண்டைச் சுற்றி, அதில் அரைச் செங்கல் ஒன்றைக் கட்டிக்கொண்டார். சாப்பிடுவது, குளிப்பது, சைக்கிள் மிதிப்பது எல்லாம் அந்தக் கல்லோடுதான். கை தளர்ந்துபோன சாயங்காலத்தில் ஒவ்வொரு மிசினையும் தூக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். சுருள் இல்லாமல் ஒரு தரம், சுருள் போட்டு ஒரு தரம். தெருப் பிள்ளைகள் வேலியில் தொற்றிக்கொண்டு சிரித்தன. நானும் சிரித்தேன்.

ஒரு நாள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. பலகைகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. தீபாவளிக்கு அதிக நாளில்லை.

"வீட்டுக்குள்ள மிசின் இருக்கு, தொட விடமாட்டேங்கிறீங்க! நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள செங்ல இருக்கிறவங்க வேலி இல்லாமலே பேரன் பேத்தி எடுத்துடுவாங்க. என்னதான் பாக்கறீங்க அதுல?"

மேஸ்திரி செங்கல் கட்டிய கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ எவ்வளவு நேரம் தூக்குவேன்னு பாக்கறேன்."

அக்கா அந்தக் கல்லைப் பார்த்தாள். அடுப்பைப் பார்க்கப் போகிறவள் மாதிரி உள்ளே போய்விட்டாள். பட்டறையில் மரவாசனையும் வெயிலும் மட்டும் இருந்தன. அன்று சாயங்காலம் பிள்ளைகள் வேலியில் தொற்றிக்கொண்டு சிரித்தபோது நான்தான் அதட்டி விரட்டினேன்.

மறுநாள் சேல்ஸ்மேன் வந்தான். மேஸ்திரி நடுத்தரத்தைத் தொட்டார்.

"இது பலகைக்கும் வேலிக்கும் மட்டும்தாண்ணே. நாளைக்கு வீடு கட்டினா சட்டத்துக்குப் பெருசு வேணுமே?"

"சட்டம் நான் சுத்தியல்ல அடிச்சுக்கறேன் தம்பி. பலகை அவ அடிக்கிறா. வேலிக்கு ரெண்டு அங்குலம் போதும். பல்லு வச்ச ஆணி, துத்தநாகம் பூசினது. கடல் காத்துக்குத் துருப்பிடிக்காம இருக்கணும்."

"விசையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே துப்பாக்கி மூக்கை மோதி மோதி அடிக்கிற மாதிரி ஒண்ணு இருக்குண்ணே. மின்னல் வேகம்லா!"

"வேணாம். மூக்கு மரத்துல பதிஞ்சாத்தான் சுடணும். ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு தரம் அழுத்தணும். அவளுக்கு வேகம் யாரும் கத்துத்தர வேணாம்பா. நிறுத்தத்தான் ஒண்ணு வேணும்."

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது.

அன்று தொடங்கியது அக்காவின் திருவிழா. முதல் ஆணிக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். பத்தாவது ஆணிக்குப் பாட ஆரம்பித்துவிட்டாள். மேஸ்திரி பலகையை நேராக வைத்துப் பிடிப்பார், அக்கா டப், டப் என்று நடந்துகொண்டே போவாள். காற்றுக்குழாய் அவள் பின்னால் பூனைவால் மாதிரி ஆடி ஆடிப் போகும். ஒரு சுருள் தீர்வதற்குள் ஒரு வேலி எழும்பிவிடும். ஆபீஸ் விட்டு வந்து நான் படியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனம் வராது. மரத்தூள் பொன்தூளாக மிதக்கும், கம்பிரசர் தூரத்து விமானம் மாதிரி உறுமும், பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். வீங்கிய மணிக்கட்டுக்கு மிசினே போதுமான ஓய்வாக இருந்தது. தெருப் பெண்கள் சமையலைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

தீபாவளிக்கு முன்னதாகவே கடைசி வேலியும் லோரியில் ஏறிவிட்டது. சாயங்கால வெயில் சாய்ந்திருந்தது. பணம், கையெழுத்து எல்லாம் முடிந்து நான் திரும்பிப் பார்த்தால், பட்டறை வாசல் பெஞ்சில் அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். தலை மேஸ்திரியின் தோளில். நாலு பேர் பார்க்கும்படி அவர்கள் அவ்வளவு ஒட்டி உட்கார்ந்து நான் கண்டதில்லை. லோரி டிரைவர் ஏறி எஞ்சினை முடுக்கப் போனார். மேஸ்திரி அசையாமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.

"என்னண்ணே?" என்றேன் கிசுகிசுப்பாக.

"இந்த லோரி உறுமினா முழிச்சுக்குவா. முக்கு வரைக்கும் தள்ளிட்டுப் போயிடுங்களேன்."

பாரம் ஏற்றிய லோரியை! டிரைவர் என்னைப் பார்த்தார். நான் செட்டிக்காரரைப் பார்த்தேன். அவர் கைலியை மடித்துக் கட்டினார். கோப்பிக் கடையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. காஜா பேராங் தெருவில் அந்த மஞ்சள் வெயிலில், சுவாமி ரதம் போவது போல ஒரு லோரி சத்தமில்லாமல் நகர்ந்தது. என் ஆபீஸ் சட்டை முதுகில் கிழிந்தது தெரிந்தும் நான் தோளை எடுக்கவில்லை. முக்கு வந்ததும் எல்லோரும் மூச்சு வாங்க நின்றோம். இன்னும் கொஞ்ச தூரம் என்று அவர் சொல்லியிருந்தால், கிளேபாங் வரைக்கும் தள்ளியிருப்பேன்.