விளக்குச் சாமியின் வலது கால்

ஈரானில் கலவரம் மூண்டு எண்ணெய்க் கிணறுகள் முடங்கிய அந்த வருஷம், கொச்சியில் மட்டாஞ்சேரி மக்களுக்கு ஞானம் புகட்ட ஒரு சாமி வந்து சேர்ந்தார். பெயர் விளக்குச் சாமி. கடைத்தெருவில் பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் குடியேறினார். மண்ணெண்ணெய் விலையை முன்கூட்டியே சொல்வது அவர் தொழில். மந்திரிக்குத் தெரியாது, கப்பல் ஓட்டி வருகிறவனுக்கும் தெரியாது. சாமியின் நிலவிளக்கு என்கிற குத்துவிளக்குக்குத் தெரியுமாம்.

வெள்ளிக்கிழமைதோறும் தரிசனம். அன்று காயல் தாண்டிக் கும்பளங்கியிலிருந்துகூடக் கூட்டம் வரும். சாமி விளக்குக்கு நல்லெண்ணெய் ஊற்றமாட்டார், மண்ணெண்ணெய்தான். "தேவி, விலை ஏறுமோ?" என்பார். சுடர் ஒரு சாண் துள்ளும். உடனே ஜனம் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடும். அந்தக் கடை சாமியின் மைத்துனனுடையது. அது தற்செயல் என்று எல்லோரும் மனதார நம்பினார்கள். பொழுது சாய்வதற்குள் தட்டுப்பாடு வரும், விலை ஏறும். வாங்கித் தீர்த்தவர்களே, "சாமி வாக்கு பலிச்சுட்டுதே" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

இன்னொரு விசேஷம். சாமி இடது காலை மட்டுமே கும்பிடக் கொடுப்பார். வலது கால் எப்போதும் காவித்துணிக்குள். அது பூமாதேவிக்கு நேர்ந்துவிட்ட காலாம். கேட்டவர்களுக்கு மெய்சிலிர்த்தது. பூமாதேவிக்கு எதற்கு ஒற்றைக் கால் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாலக்காட்டிலிருந்து வந்து மெஸ் நடத்திப் பிழைக்கிறவள் கமலாக்ஷி. ஸ்டவ் அணைந்தால் பிழைப்பும் அணைந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை, அடுத்த வாரம் விலை இரட்டிப்பு என்று விளக்கு சொல்லிவிட்டது. பிறந்த வீட்டுச் சீதனமான வெண்கல உருளியை மைத்துனனிடம் கொடுத்து ஒரு டிரம் எண்ணெய் வாங்கிவிடுவதென்று முடிவு கட்டினாள். உருளியைத் தூக்கப் பக்கத்து வீட்டு ஜுமைலா ஒரு கை கொடுத்தாள். அரிசி ரொட்டியான பத்திரி சுட்டுச் சாயாக்கடைகளுக்குக் கொடுப்பவள். அவளும் ஸ்டவ்வை நம்பியவள்தான். விளக்கைத்தான் நம்பவில்லை.

"எண்ணெய்க்கு உருளியைக் குடுத்துட்டா அடுப்பிலே எதை வைப்பீங்க மாமி? டிரம்மையா?"

"நீ சும்மா வா. சாமி வாக்கு என்னிக்காவது தப்பியிருக்கோ?"

"எல்லாரும் ஒரே நாள்லே ஓடிப்போய் வாங்கினா வெண்டைக்காய்க்கும் விலை ஏறும். பின்னே அதுக்கு விளக்கு எதுக்கு? எங்கேயோ கிணறு அடைச்சதுக்குப் பாதி ஏறுது. நாம ஓடற ஓட்டத்துக்கு மீதி."

கமலாக்ஷிக்கு உறைத்தது. ஆனாலும் பயம் விடவில்லை.

"ஒரு நமஸ்காரம் பண்ணிட்டு முடிவு பண்ணலாம்டீ."

"பண்ணுங்க. ரெண்டு காலையும் பிடிச்சே பண்ணுங்க. நான் விளக்குகிட்டே ஒண்ணு கேட்டுக்கறேன்."

உருளியைக் கீழே வைத்துவிட்டு, அன்றைய கூட்டம் கலைவதற்குள் இருவரும் மாடியேறினார்கள். சாமி வழக்கம்போல் இடது காலை நீட்டினார்.

"எங்காத்திலே ஒத்தைக் காலுக்கு நமஸ்காரம் பண்ற வழக்கமில்லை சாமி" என்று சொல்லிக்கொண்டே கமலாக்ஷி விழுந்தாள். காவித்துணிக்குள் கையை விட்டு வலது காலையும் சேர்த்துப் பிடித்தாள். தினமும் மாவாட்டுகிற கை. சாமியால் அசையமுடியவில்லை.

"விடும்மா. பூமாதேவி கோவிச்சுக்குவா."

"என் பாவமெல்லாம் கரையட்டும் சாமி."

ஜுமைலா முன்னால் வந்தாள். "விளக்கே, விலை ஏறுமா?"

சுடர் சிவனே என்று நின்றது.

"இறங்குமா?"

அதற்கும் அசையவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. சாமிக்கு வேர்த்துக் கொட்டியது.

"மாமி, இப்போ வலது காலை விடுங்க. விளக்கே, சாமியோட மச்சான் எண்ணெயைப் பதுக்கியிருக்கானா?"

திமிறிக்கொண்டிருந்த கால் விடுபட்ட வேகத்தில் பழைய இடத்திலேயே தொப்பென்று விழுந்தது. சுடர் ஒரு சாண் துள்ளி, ஆமாம் என்றது.

கமலாக்ஷி துணியை விலக்கினாள். ஆட்டோ ஹார்னின் ரப்பர் குமிழ். அதிலிருந்து ஒரு குழாய் பாய்க்கு அடியில் ஓடி விளக்குத் தண்டுக்குள் நுழைந்திருந்தது.

"அது என் வண்டி ஹார்னாக்கும்" என்றார் கூட்டத்தில் கலூரிலிருந்து வந்திருந்த ஓர் ஆட்டோக்காரர். "ஒரு மாசமா வாயாலே கத்திக்கிட்டு ஓட்டறேன்."

சாமி பின்படி வழியாக ஓடினார், பூமாதேவியின் காலையும் சேர்த்துக்கொண்டு. உருளி மெஸ்ஸுக்கே திரும்பியது. அடுத்த வெள்ளிக்கிழமை எதிர்க்கடைக்கு யாரும் ஓடவில்லை. ஈரான் ஏற்றிய விலை ஏறியபடியே இருந்தது. மைத்துனன் ஏற்றியது மட்டும் இறங்கியது. அந்த ரப்பர் குமிழுக்குச் சக்தி உண்டா என்று ஆட்டோக்காரரிடம் இரண்டு பேர் விசாரித்ததாகவும் கேள்வி.

குமிழை மிதித்தது சாமியின் கால்தான். கடைக்கு ஓடியது யாருடைய கால்? அடுத்த சாமி வரும்போது அவர் காலைப் பிடிப்பதற்கு முன்னால் நம் காலைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்வோம், தலை யோசித்து முடிக்கிற வரைக்குமாவது.