மடுல்கெல்ல ஏற்றமும் டெம்பரேச்சர் நானாவின் ஹீட்டரும்

கண்டியில் வெயிலைத் திட்டாத ஆள் இல்லை. ஆனால் வெயிலைத் தன் சொந்தப் பகையாளியாகவே வைத்திருந்த மனிதர், எனக்குத் தெரிந்து, டெம்பரேச்சர் நானா ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்குத் தெரிந்திருக்கலாம். கட்டுகஸ்தோட்டை கார் ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது; எல்லோருக்கும் அவர் நானாதான், முஸ்லிம் பேச்சில் அண்ணன்.

அந்த ஸ்டாண்டுக்கு எதிரேதான் என் குஷன் கடை. கார் சீட்டுக்கு உறை தைப்பது என் தொழில். தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு மிகவும் பிடித்த தொழில். நானாவுக்கும் என்னைப் பிடிக்கும். அவர் பேசும்போது குறுக்கே பேசாத ஒரே ஆள் நான்.

அவரிடம் ஒரு பழைய இங்கிலீஷ் கார் இருந்தது. அதை அவர் கார் என்று சொல்ல மாட்டார், பிள்ளை என்பார். ஸ்டாண்டில் ஒரு பெரிய மாரா மரம் நின்றது. அதன் நிழல் நகர நகர, நானா காரையும் தள்ளிக்கொண்டே போவார். ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் சூடாகிவிடுமாம். மற்ற டிரைவர்மார் முனகிக்கொண்டே ஒரு கை கொடுப்பார்கள். காலையில் கார் புத்தகக் கடைக்கு முன்னால் நிற்கும். பேக்கரி வாசலுக்கு வந்துவிட்டால் மதியச் சாப்பாட்டு நேரம் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் பல பேர் கடிகாரம் வாங்காமலே காலத்தை ஓட்டினார்கள்.

வெயில் காலத்தில் எஞ்சினுக்கு ஏன் இழுவை குறைகிறது என்று கேட்டால் போதும், எல்லா வேலையையும் விட்டுவிட்டு விளக்குவார்.

"சூட்டுக் காத்து மெல்லிசு தம்பி. எஞ்சின் எவ்வளவுதான் இழுத்தாலும் நெஞ்சு நெறையாது. நீங்க பகல் பன்னெண்டு மணிக்கு அனிவத்தை ஏத்தத்துல ஓடிப் பாருங்க, அப்ப வெளங்கும்."

அதனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மதியம் தொடங்கி மூன்று மணி வரைக்கும் நானா இறக்கம் உள்ள ஹயருக்கு, அதாவது வாடகை ஓட்டத்துக்கு, மட்டும்தான் போவார். மேட்டில் இருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று யாராவது வந்தால், "இப்ப எறங்குற எடம் ஏதும் ஈக்கா?" என்று கேட்பார். ஒருமுறை ஒரு லோயர் ஐயாவை அவசரமாக ஏற்றிக்கொண்டு, மேடு வந்ததும் கோட்டோடு இறக்கி நடக்க விட்டு, மேலே போய் அவருக்காக நிழலில் காத்திருந்தார். லோயர் ஐயா கோபத்தில் கத்தியபோது, அவர் முகத்தைப் பார்த்து, "ரேடியேட்டர் மூடி தொறந்த மாதிரி ஈக்கிறீங்க சேர், கொஞ்சம் ஆறுங்க" என்றாராம்.

இப்படிப்பட்ட மனிதர் எனக்காகத் தன் சட்டத்தை மீறினார்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் தட்டிப்போனதற்குக் காரணம் என் வாய். அதாவது, அது திறக்காதது. ஒரு வீட்டில் பெண்ணின் தகப்பன் எனக்குக் காது கேட்குமா என்று அக்காவிடம் ரகசியமாகக் கேட்டார். இன்னொரு வீட்டில் ரகசியமாகக்கூடக் கேட்கவில்லை. கடைசியாக மடுல்கெல்ல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. பெண் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். "இதுதான் கடைசி. இதுவும் இல்லன்னா இனி நான் உனக்காக ஒருத்தர் வாசலும் மிதிக்க மாட்டேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். அக்கா சொன்னால் சொன்னதுதான்.

பெண்ணின் தகப்பனாருக்கு ஃபேக்டரியில் காவல் வேலை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பார். நாலரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் வாசலில் காலடி வைத்துவிட வேண்டும், பிந்தினால் வர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அக்காவின் புருஷன், பள்ளிக்கூட மாஸ்டரான அத்தான், வேறு ஒரு வேன் பேசத்தான் பார்த்தார். ஆனால் விஷயம் எப்படியோ நானாவின் காதுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் காரைக் கழுவித் துடைத்து, நான் தைத்துக் கொடுத்த புது உறையைப் போட்டு, வெள்ளைச் சட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"இந்த வெயில்ல ஏத்தமாச்சே நானா" என்றேன்.

"பிள்ளைக்கிட்ட செல்லிட்டேன். தம்பிட கலியாணம், ஒரு நாளைக்கு சப்ர் செஞ்சி பொறுத்துக்கொள்ளச் செல்லி. அது சரிண்டு செல்லிச்சி."

வத்தேகம தாண்டும் வரைக்கும் பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு ரோடு வேலை. புழுதி பறந்தது. பட்டுச்சேலை பாழாகிவிடும் என்று அக்கா எல்லாக் கண்ணாடியையும் மூடச் சொன்னாள். மூடினோம். சரியாக அந்த நேரம் பார்த்து, எஞ்சின் சூட்டைக் காட்டும் சூட்டு முள் மேலே ஏறத் தொடங்கியது. நானா அதை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு கையை நீட்டி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டார்.

ஏப்ரல் மாதத்து மதியம், மூடிய காருக்குள், நுவரெலியாக் குளிருக்கென்று வைத்த ஹீட்டர். அப்பளத்தைக் கையில் பிடித்திருந்தால் பொரிந்திருக்கும்.

அத்தான் முதலில் பொத்தானை மாற்றி அழுத்திவிட்டதாக நினைத்துத் தன்மையாகத்தான் சொன்னார். நானா விளக்கினார். ஹீட்டர் என்பது எஞ்சினில் உள்ள சூட்டைத்தான் இழுத்து உள்ளே விடுகிறது. அந்தச் சூட்டை நாம் வாங்கிக்கொண்டால் எஞ்சினுக்குப் பாரம் குறையும். நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்குக் கொஞ்சம்தானே என்றார். பங்கு போட அத்தானுக்கு விருப்பமில்லை. மடுல்கெல்ல வரைக்கும் இதே கதையா என்று கத்தத் தொடங்கினார்.

"ஒங்களுக்கு வேர்த்தா லேஞ்சியால தொடச்சிக்கொள்ளலாம் மாஸ்டர்," என்றார் நானா. "எஞ்சினுக்கு யாரு தொடைக்கிற?"

ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க, மலைத்தண்ணி வழியும் ரோட்டோரப் பீலிகளை நம்பித்தான் அவர் வந்திருந்தார். மழையில்லாமல் அவை காய்ந்து கிடந்தன. பன்வில தாண்டி ஒரே ஒரு பீலியில் நூல் போலத் தண்ணீர் வடிந்தது. நானா கேனைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். அங்கே சவர்க்காரத்தோடு குளிக்க வரிசையில் நின்ற பொடியன்மார் காரைப் பார்த்தார்கள். பிறகு காருக்குள் நனைந்துபோய் இருந்த எங்களைப் பார்த்தார்கள்.

"நானா, உள்ள இருக்கிறவங்க குளிச்சி முடிச்சிட்டாங்க போல. எங்கள கொஞ்சம் விடுங்களேன்" என்றான் ஒருவன்.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுடைய பவுடர் ஓடி நாடியில் ஒன்றுசேர்ந்திருந்தது. என்னைக் கேட்டால், நான் ஒன்றும் சொல்லவில்லை. வெந்துகொண்டு இருந்தேன். மூன்று மணிக்கு முன்னால் ஏற்றத்தில் கால் வைக்காத மனிதர் எனக்காக வந்திருக்கிறார். அவரிடம் எந்த வாயால் நிப்பாட்டச் சொல்வது?

நாலேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கீழே கண்டி கொதித்துக்கொண்டிருக்க, மேலே மடுல்கெல்லவில் மலைக்காற்று சிலுசிலு என்று வீசியது. பெண்ணின் தகப்பனார் ஸ்வெட்டரும் காதை மூடிய குல்லாவுமாக லயத்து வீட்டு வாசலில் நின்றார். அவருக்கு முன்னால், ஆற்றில் விழுந்து எழும்பியவர்கள் மாதிரி நாங்கள் மூன்று பேர் இறங்கினோம். சொட்டு வேர்வை இல்லாமல், சட்டை மடிப்புக் கலையாமல் இறங்கியவர் நானா மட்டும்தான். எங்கள் நாலு பேரில் மாப்பிள்ளை மாதிரி இருந்தது அவர்தான்.

உள்ளே கதிரையில் உட்கார்ந்தோம். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. காற்றுப் பட்டதும் உடம்பு வெடவெட என்று நடுங்கியது. பெண் சுடச்சுடத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்கதவு ஓரமாக நின்றாள். வேர்த்து நடுங்கும் என்னை எல்லோரும் பார்த்தார்கள். பெண்ணின் மாமன் மெல்லக் குனிந்து கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு ஏதும் நோய் வருத்தமா? இழுப்பு, கிழுப்பு..."

வழக்கம்போல என் நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அத்தான் முந்திக்கொண்டார்.

"அவருக்கு ஒண்ணும் இல்லைங்க. எல்லாம் அந்த டிரைவர் கிழவன் செஞ்ச வேலை. மண்டை கழண்ட ஆளு. வெயில்ல ஹீட்டரப் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்க, வெறும் கேனோடு நானா நின்றார். சிரிப்பு அவர் காதில் விழுந்துவிட்டது. கேனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். திரும்பிப் போகப் பார்த்தார்.

"அவர் மண்டை கழண்டவர் இல்லைங்க" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

பிறகு அது நிற்கவில்லை. சூட்டுக் காற்று ஏன் மெல்லிசு, எஞ்சினுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது, ரேடியேட்டர் தாங்காவிட்டால் என்ன ஆகும், ஹீட்டர் எப்படிப் பாரத்தை இறக்குகிறது, எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை காலமும் நானா என் காதில் போட்டு வைத்தது முழுவதும் வெளியே வந்தது. அவர் அதைப் போடாவிட்டால் பாதி மலையில் நின்றிருப்போம், ராகு காலத்துக்கு முன்னால் இந்த வாசலுக்கு வந்திருக்க முடியாது என்று முடித்தேன். என் ஆயுசிலேயே நான் பேசிய நீளமான பேச்சு அது. அக்கா வாயைத் திறந்தபடி இருந்தாள்.

உள்கதவு ஓரத்தில் இருந்து பெண் கேட்டாள். "எல்லாஞ் சரிங்க. இப்படி வேகுற நேரம் கொஞ்சம் நிப்பாட்டுங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலியா?"

"சொல்லலாம்ங்க. அவர் மனசு நோகுமே."

யாரும் சிரிக்கவில்லை. தகப்பனார் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு அக்காவிடம் சொன்னார்.

"என் மக கொஞ்சம் கோவக்காரி. ஒரு எடம் அதனாலதான் தட்டிப்போச்சு. மறைக்க விரும்பல. ஆனா இவரு தாங்குவாரு போல."

"அப்பா" என்று உள்ளே இருந்து அதட்டல் வந்தது. அது எங்கள் காதுக்குச் சம்மதம் மாதிரித்தான் கேட்டது.

எழுந்துபோய் நானாவின் கையில் இருந்து கேனை வாங்கித் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தவளும் அவள்தான். நானா என்னைப் பார்த்து, "நல்லாத்தானே பேசுறீங்க தம்பி. இவ்வளவு காலமும் என்னத்துக்கு மூடி வச்சிருந்த?" என்றார்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது, பனி இறங்கியது. ஈரச் சட்டையோடு பல் கிட்டியது. அக்கா கெஞ்சலாகக் கேட்டாள், இப்போது அந்த ஹீட்டரைக் கொஞ்சம் போடலாமா என்று. நானா மாட்டேன் என்றார்.

"இப்ப எறக்கம் தங்கச்சி. எஞ்சின் குளிர்ந்து ஈக்கி. அதுட சூட்டையும் நாங்க புடுங்கி எடுத்தா அதுக்குத் தடிமன் புடிக்கும்."

எனக்கும் அத்தானுக்கும்தான் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது.

இப்போது நானாவுக்குக் கண் சரியில்லை. அவருடைய மகன் காரை விற்றுவிட்டார். நான் குஷன் சாமான் ஏற்ற ஒரு சின்ன வேன் வாங்கியிருக்கிறேன். புது எஞ்சின். எந்த வெயிலிலும் சூட்டு முள் நடுவைத் தாண்டாது. வருஷா வருஷம் ஏப்ரலில் மாமனார் வீட்டுக்குப் போகும்போது நானாவையும் கூட்டிக்கொண்டு போவோம். அவருக்கு முன் சீட். வத்தேகம தாண்டியதும் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். பிறகு கையால் தடவித் தடவி ஹீட்டரைத் திறந்துவிடுவார்.

என் மனைவி பெரிய கோவக்காரிதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயணத்துக்கு மட்டும், காலையிலேயே வேர்வை துடைக்க ஆளுக்கு ஒரு துவாய் மடித்துப் பையில் வைத்துவிடுவாள்.