பாலை மரத்தடியில் ஒரு கூடாரம்

வாயைத் திறக்காதவனை உலகம் விஷயம் தெரிந்தவன் என்று நினைத்துக்கொள்கிறது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மரியாதை முழுவதும் இந்தத் தவறால் வந்ததுதான். அதே தவறால்தான் ஒரு வைகாசி மாதம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மரியாதையான தம்பதியைக் காட்டுக்குள் கூட்டிப்போய்ச் சாவின் வாசலில் பாய் விரித்து உட்கார வைத்தேன்.

எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து ஓமந்தைப் பக்கம் வந்து குடியேறியவர்கள் நாங்கள். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எனக்குத் தெரிந்த ஒரே செடி தேயிலை. (அதையும் கங்காணியிடம் ஏச்சு வாங்கித்தான் தெரிந்துகொண்டேன்.) எங்களுக்கு முன்பே வன்னிக்கு வந்துவிட்ட சுப்பையா மாமாவோ காட்டை வீட்டு முற்றம் மாதிரி அறிந்தவர். காட்டில் தங்கிப் பார்க்க ஆசைப்படும் பட்டணத்து ஆட்களைக் கூட்டிப்போய், கூடாரம் அடித்து, சமைத்துப் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். பெண்கள் வந்தால் சமையலுக்கு அவருடைய மகள் செல்வியும் போவாள்.

செல்வி எனக்கு முறைப்பெண். ஆனால் மாமா பிடி கொடுக்கவில்லை.

"காட்டோரத்துல குடும்பம் நடத்துறவனுக்குக் காடு தெரியணும். இந்த வாயில்லாப் பயலுக்குப் பொண்ணக் குடுத்து நான் என்ன செய்ய?" என்று என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த வைகாசியில் மாமாவின் காலில் முள் ஏறி, பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அன்றைக்கென்று ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் மனைவியோடு ரயிலில் வந்து இறங்கினார். மாமா என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார்.

"ஒரு ராத்திரி தங்க வச்சு பத்திரமாக் கூட்டிட்டு வா. நல்லபடியா வந்தா உன் கல்யாணப் பேச்ச முடிச்சிரலாம். தண்ணிக்குப் பக்கத்துல மட்டும் கூடாரம் போடாத. ஆனை வரும்."

மற்றதெல்லாம் எனக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார். தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கம். தலையாட்டினேன்.

வழியெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா தூரக்கண்ணாடியும் கையுமாக என்னைச் சோதித்தார்.

"தம்பி, இதென்ன குருவி?"

"காட்டுக் குருவிங்க ஐயா."

"அப்ப அங்காலை இருக்கிறது?"

"அது... இதோட சொந்தக்காரங்க ஐயா."

பின்னால் செல்வி இருமினாள். கல்யாணப் பேச்சு நடக்கும்போது பெண்ணும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசுவது எங்களில் வழக்கமில்லை. அதனால் இருமத்தான் முடியும்.

பாழடைந்த குளம் ஒன்றைத் தாண்டி, தண்ணீரை விட்டு வெகுதூரம் தள்ளி, குடை மாதிரி விரிந்து நின்ற ஒரு பெரிய மரத்தைத் தேர்ந்தெடுத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

"அம்மா, இந்த மரத்தடி வேணாம்னு அவருகிட்ட சொல்லுங்க. இது பாலை மரம். பழக் காலம்" என்றாள் செல்வி, ஐயாவின் மனைவியிடம்.

"தம்பி, பாலை மரமாம், பழக் காலமாம், வேண்டாமாம்."

"பழம் இருந்தா நல்லதுதானேங்கம்மா" என்றேன், செல்விக்குக் கேட்கிற மாதிரி. வழிகாட்டி நானா அவளா?

"அப்ப அவரு இஷ்டம்னு சொல்லுங்க."

"உம்மட இஷ்டமாம்."

செல்வி சட்டி பானைகளைத் தூக்கிக்கொண்டு போய், கூப்பிடு தூரத்தில் மரமில்லாத ஒரு வெட்டையில் அடுப்பு மூட்டினாள்.

நான் கூடாரத்துக்குப் படங்குத் துணியை இழுத்துக் கட்டி முடித்ததும் பழம் விழத் தொடங்கியது. ஒன்று இரண்டல்ல, கொத்துக் கொத்தாக, கொப்போடு. காற்று ஒரு துளியும் இல்லை.

"பாருமப்பா, மரம் தானாவே பிடுங்கித் தருது!" என்று ஐயா வியந்தார்.

நான் மடி நிறையப் பொறுக்கிக்கொண்டேன். சின்னச் சின்ன மஞ்சள் பழம், தேன்தான். வாயில் பழம் இருந்தால் குருவிக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் கண்டுபிடித்து, நிறுத்தாமல் தின்றேன். பாலைப் பழத்தின் பால் உதட்டைப் பசை போட்ட மாதிரி ஒட்டிவிடும், எண்ணெய் பூசிக்கொண்டுதான் தின்ன வேண்டும் என்பது தேயிலைக்காரனுக்கு எப்படித் தெரியும்?

அடிமரத்தின் பட்டையில் நீள நீளமான கீறல்கள். சில இன்னும் ஈரமாக இருந்தன. அந்த அம்மா அதில்தான் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டியிருந்தார். மேலே ஒரு கொப்பு 'மளார்' என்று முறிந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

இலைகளுக்குள் கறுப்பாக ஒரு பிருஷ்டம். கரடி!

கத்தினேன். "ம்ம்ம்" என்றுதான் வந்தது. உதடு பிரியவில்லை. கையால் மேலே காட்டினேன். விரலை உதட்டில் வைத்து, ஓடுவோம் என்று சைகை செய்தேன்.

"ஸ்ஸ்... ஏதோ அபூர்வமான குருவிபோல" என்று ஐயா தூரக்கண்ணாடியை உயர்த்தினார். கரடி அவருடைய மூக்கு நுனிக்கே வந்திருக்க வேண்டும். கண்ணாடியை இறக்காமல் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தார்.

கரடி இறங்கத் தொடங்கியது. பின்பக்கம் முதலில், நகத்தால் பட்டையைப் பிறாண்டியபடி.

வழிகாட்டியான நான் அப்போது செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். ஓடினேன். கூடாரக் கயிறு காலில் சிக்கிற்று. நான் விழ, என்மேல் படங்கு விழ, ஐயாவும் அம்மாவும் நானும் ஒரே படங்குக்குள் மூட்டையானோம்.

தொப்பென்று அது குதித்த அதிர்ச்சி நிலத்தில் தெரிந்தது. பிறகு பழங்களை உறிஞ்சும் சத்தம், கிட்டக் கிட்ட வந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் பழம் இருந்தது. படங்குக்கு வெளியே ஒரு மூக்கு அதைத் தேடிக் கண்டுபிடித்து, புஸ்ஸென்று மூச்சு விட்டது. அந்தச் சூடு என் தொடையில் பட்டது.

"இஞ்சருங்கோ..." என்று அம்மா கத்துவதற்கு வாயைத் திறந்தார். பெண்களை நிமிர்ந்தும் பார்க்காத நான், அந்த மரியாதையான அம்மாவின் வாய்க்குள் ஒரு கை பாலைப் பழத்தைத் திணித்தேன்.

அந்த நேரத்தில் அலுமினியச் சட்டியை அகப்பையால் அடிக்கும் சத்தம் கேட்டது. "ஓடு! ஓடு சனியனே!" என்று செல்வியின் குரல் நெருங்கி வந்தது. மூக்கு விலகியது. ஓர் உறுமல், சருகுகள் நொறுங்கின, பிறகு ஒன்றுமில்லை.

படங்கை யாரோ தூக்கினார்கள்.

"எந்திரிங்க. போயிருச்சு."

செல்வி என்னிடம் நேரே பேசிய முதல் பேச்சு அது. என் வாயைப் பார்த்தாள். அம்மாவின் வாயைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போய்ச் சமையலுக்குக் கொண்டுவந்த தேங்காய் எண்ணெயை எடுத்து வந்தாள்.

இருட்டும் முன்பே ஊர் திரும்பிவிட்டோம். கல்யாணம் போயிற்று என்றுதான் வழி முழுவதும் நினைத்தேன். ஆனால் ஐயா மாமாவின் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சுப்பையா, உம்மட மருமகன் லேசுப்பட்ட ஆளில்லை. தலைக்கு மேலை கரடி. ஒரு சத்தம் போட்டவரே? கையாலைதான் கதைச்சவர். இவாவையும் கத்த விடேல்லை! என்ன நிதானம்!"

நான் தலையைக் குனிந்தேன். (அதையும் அடக்கம் என்றார்.)

மாமா என்னை உற்றுப் பார்த்தார். "மீசையில என்னடா எண்ணெ?"

நான் அவசரமாகப் புறங்கையால் துடைத்தேன்.

"கூடாரத்தப் பாலையடியிலயா போட்ட?"

தலையாட்டினேன். மாமா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பில் முள் ஏறிய காலைத் தரையில் ஊன்றி, ஐயோ என்று கத்தி, மறுபடியும் சிரித்தார். பிறகு செல்வியிடம் திரும்பினார்.

"நீ என்ன சொல்ற?"

"காடு நான் பாத்துக்கிறேன்பா" என்றாள் அவள்.

போன வருடம் எங்கள் மகளின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். சபை முழுவதும் என்னையே பார்த்தது. வாய் திறக்கவில்லை.

பெண்கள் பக்கமிருந்து செல்வியின் குரல் வந்தது: "யாராச்சும் அந்த எண்ணெப் போத்தல எடுத்துக் குடுங்க."