காய்ச்சல் பங்களாவும் என் தாலியும்

கூச்சப்படுகிற பெண்ணால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் என்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை.

நான் கல்யாணமாகி வந்த புதிது. வெள்ளைக்காரன் ஆட்சி. ராசிபுரத்தில் பட்டு நெய்துகொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு, தறிக்குழிக்குள் கால் விட முடியாமல் போனது. அடுப்பு எரிய வேறு வேலை தேடியாக வேண்டும். அப்போதுதான் சேலம் அஸ்தம்பட்டியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் ஆள் தேடுவதாகத் தெரிந்தது. மனுஷன் சூட்டை எப்படியெல்லாம் அளந்தான் என்று காட்ட, தன் பங்களாவின் முன்னறையில் சின்னதாக ஒரு காட்சிசாலை வைத்திருந்தார். (ஊரார் வைத்த பெயர் காய்ச்சல் பங்களா.) கண்ணாடிகளைத் துடைத்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்ட வேண்டும். குடியிருக்கப் பின்கட்டில் ஓர் அறை. புருஷன் பெண்டாட்டி இருவரையும் பார்த்துத்தான் முடிவு சொல்வாராம்.

வழியெல்லாம் எங்கள் வீட்டுக்காரர் எனக்கு நடத்தியது ஒரே பாடம்: டாக்டர் என்ன சொன்னாலும் செய்.

டாக்டர் நல்ல மனுஷர். தண்ணீர்க் குழாய்க்குள் வண்ண வண்ணக் குண்டுகள் சூட்டுக்குத் தக்கபடி ஏறி இறங்குவதைக் காட்டினார். சாராயம் அடைத்த சிவப்புக் குழாயைக் காட்டினார். (சாராயத்துக்கு எதற்குக் காய்ச்சல் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.) கடைசியாக, சாண் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குச்சி, உள்ளே பாதரசம். அந்தக் காலத்து நோயாளிகள் வாயில் வைத்ததாம். இதுபோல் இன்னொன்று இந்தப் பக்கத்திலேயே கிடையாதாம். அதைக் கழுவித் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"இத வாயில வையி அம்மிணி. எப்படி ஏறுதுன்னு உம்புருஷன் பாத்துக்கட்டும்."

எங்கள் வீட்டில் செம்பில் உதடு படக்கூடாது, அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். அப்படியிருக்க டாக்டர் சாமானில் எச்சில் வைப்பதா? மாட்டேன் என்று சொல்லவும் கூச்சம். நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். நன்றாக அண்ணாந்து, வாயைத் திறந்து, குச்சியை உதட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்புள்ள, அதென்ன எளநீயா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் திடுக்கென்று அவர் பக்கம் திரும்பினேன். குச்சி நழுவித் தரையில் விழுந்து இரண்டானது. வெள்ளி முத்துகள் நாலா பக்கமும் ஓடின. அவற்றையாவது காப்பாற்றலாமே என்று மண்டியிட்டு, துரத்தித் துரத்தி உள்ளங்கையில் திரட்டினேன். சிந்திவிடாமல் நெஞ்சோடு அணைத்து மூடிக்கொண்டேன். குனிந்ததில் முன்னால் தொங்கிய தாலியும் கைக்குள் சிக்கிக்கொண்டது தெரியவில்லை.

டாக்டர் கையைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். என் தங்கத் தாலி வெளுத்துப்போய்க் கிடந்தது.

எங்கள் வீட்டுக்காரர் பிடித்த முழங்காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வேல போனாப் போகுதுங்க சாமி. எனக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாதரசம் பட்டால் தங்கம் வெளுக்குமாம், ஆசாரி தீயில் காட்டினால் பழைய நிறம் வந்துவிடுமாம். வந்தது. அதுவரை கழுத்தில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கே வந்துருப்பா," என்றார் டாக்டர். "ஆனா அம்மிணி பின்கட்டோட இருக்கட்டும்."

உடைந்த குச்சியையும் தூக்கிப் போடாமல், ஒரு கண்ணாடிப் பெட்டியில் மற்றவற்றோடு வைத்துவிட்டார். அதை விளக்குவதும் எங்கள் வீட்டுக்காரர் வேலையாயிற்று. நான் பின்கட்டில் அரிசி களைந்துகொண்டிருப்பேன். முன்னறையில் சிரிப்புச் சத்தம் கேட்டால், எந்தப் பெட்டிக்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இப்போதும் பேரனுக்கு உடம்பு சுட்டால், தெர்மாமீட்டரை எடுக்கும் முன் மருமகள் சொல்வாள்: "அத்தை, நீங்க பின்கட்டுக்குப் போயிருங்க."

இந்த வீட்டில் பின்கட்டே கிடையாது. நான் போய்த் தெருவில் நிற்பேன்.